பஞ்சம் ஆளுக்கு அல்ல, கூலிக்கு

2025 பிப்ரவரி இரண்டாம் வாரத்தில், ஒருநாள் இடைவெளியில், இரண்டு பெரிய மனிதர்கள் ஏறக்குறைய ஒரே கருத்தைச் சொன்னார்கள். சென்னையில் நடந்த தொழில் மாநாட்டில் பேசிய எல் அண்ட் டி நிறுவனத் தலைவர் எஸ்.என். சுப்பிரமணியன், கட்டுமானத் தொழிலாளர்கள் வேலைக்காக ஊர்விட்டு வர மறுக்கிறார்கள் என்று வருத்தப்பட்டார். அரசின் நலத்திட்டங்களும், வங்கிக் கணக்குக்கு நேராக வந்துவிழும் பணமும், நூறு நாள் வேலையும் அதற்குக் காரணமாக இருக்கலாம் என்றும் சொன்னார். மறுநாள் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி பி.ஆர். கவாய், இலவச அரிசியும் பணமும் கிடைப்பதால் மக்கள் உழைக்க முன்வருவதில்லை என்ற பொருள்படப் பேசினார். நகரங்களில் வீடில்லாதவர்களுக்குத் தங்குமிடம் கேட்டு வந்த வழக்கின் விசாரணையில்தான் இந்தப் பேச்சு எழுந்தது. தெருவில் படுத்துக் கிடப்பவனைப் பார்த்து, உனக்குச் சொகுசு கூடிப்போய்விட்டது என்று சொல்ல நம் நாட்டில் மட்டுமே முடியும்.

இருவரும் புதிதாக எதையும் சொல்லிவிடவில்லை. வயல் வைத்திருப்பவர், வீடு கட்டுகிறவர், பனியன் கம்பெனி நடத்துகிறவர், ஓட்டல் முதலாளி என்று தமிழ்நாட்டில் யாரிடம் பேச்சுக் கொடுத்தாலும் இதே புலம்பல்தான். ரேஷனில் அரிசி சும்மா கிடைக்கிறது, மாதம் ஆயிரம் ரூபாய் வந்துவிடுகிறது, ஏரிக்கரையில் மரத்தடியில் உட்கார்ந்துவிட்டு வந்தால் நூறு நாள் கூலி. அப்புறம் எவன் வேலைக்கு வருவான்? இருக்கிற ஒன்றிரண்டு பேரும் கூலியை எங்கேயோ ஏற்றிவிட்டார்கள், வடநாட்டுப் பையன்கள் மட்டும் இல்லையென்றால் தொழிலையே மூடவேண்டியதுதான். பொருளாதாரம் படித்தவரும் படிக்காதவரும், ஆளும் கட்சிக்காரரும் எதிர்க்கட்சிக்காரரும் கூச்சமில்லாமல் ஒத்துப்போகிற மிகச் சில கருத்துகளில் இது ஒன்று. இத்தனை பேர் ஒத்துக்கொண்ட கருத்து என்பதாலேயே யாரும் இதைக் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. ஒப்பிட்டால் இது நிற்காது.

உழைக்க மறுப்பதாகச் சொல்லப்படும் அந்த மனிதர் யார், அவர் என்ன சம்பாதிக்கிறார் என்பதை முதலில் பார்ப்போம். மத்திய அரசின் தொழிலாளர் கணக்கெடுப்பு 2023-24ஆம் ஆண்டுக்குத் தரும் படம் இது: இந்தியாவில் வேலை செய்பவர்களில் 58 விழுக்காட்டினர் சுயதொழில் செய்பவர்கள், ஏறக்குறைய 22 விழுக்காட்டினர் மாதச் சம்பளக்காரர்கள், மீதி 20 விழுக்காட்டினர் தினக்கூலிகள். சுயதொழில் என்றதும் கண்ணாடிக் கதவு போட்ட கடை நினைவுக்கு வரவேண்டாம். தள்ளுவண்டியில் கொய்யா விற்பவர், ஒரு ஏக்கர் நிலக்காரர், வீட்டில் தையல் மெஷின் வைத்திருப்பவர், ஆட்டோ ஓட்டுபவர் எல்லோரும் இதில் அடக்கம். வேலை செய்யும் பெண்களில் மூன்றில் ஒருவருக்கு மேல், குடும்பத் தொழிலில் கூலியே இல்லாமல் உழைப்பவர். அவரையும் வேலையில் இருப்பவர் என்றே கணக்கு சேர்த்துக்கொள்கிறது; வேலையின்மை வெறும் 3.2 விழுக்காடு என்று பெருமையோடு அறிவிக்க முடிவது இப்படித்தான். வருமானத்துக்கு வருவோம். சுயதொழில் செய்பவரின் சராசரி மாத வருமானம் சுமார் 13,000 ரூபாய். சம்பளக்காரரின் சராசரி சுமார் 21,000. தினக்கூலிக்கு ஒரு நாளைக்கு 400 ரூபாய்க்குச் சற்று மேல். இவை சராசரிகள்; பெரிய சம்பளங்கள் சிலவும் சேர்ந்து மேலே இழுத்த எண்கள். நடுவில் நிற்கும் ஆள் இதற்கும் கீழேதான் இருக்கிறார். பிரதமரின் பொருளாதார ஆலோசனைக் குழுவுக்காக 2022இல் தயாரான ஏற்றத்தாழ்வு அறிக்கை, இதே கணக்கெடுப்பின் 2019-20 தரவுகளை வைத்து, மாதம் 25,000 ரூபாய் வாங்குபவர் நாட்டில் சம்பாதிப்பவர்களின் உச்சிப் பத்து விழுக்காட்டில் வந்துவிடுகிறார் என்று சொன்னது. 25,000 ரூபாயில் உச்சியைத் தொட்டுவிடும் ஒரு நாட்டில் கூலி எகிறிவிட்டது என்று பேசிக்கொண்டிருக்கிறோம்.

ஆள் தட்டுப்பாடு உண்மையானால் அது தெரியவேண்டிய இடம் ஒன்று உண்டு: உழைப்பின் விலையான கூலி. சந்தைக்கு வெங்காய வரத்து குறைந்தால் விலை ஏறுகிறது. வெங்காயம் சோம்பேறியாகிவிட்டது என்று யாரும் சொல்வதில்லை. உழைப்புக்கு மட்டும் இந்த விதி பொருந்தாமல் போனது எப்படி? விலைவாசியைக் கழித்துப் பார்த்தால், 2017-18இல் மாதம் 12,665 ரூபாயாக இருந்த ஆண் சம்பளக்காரரின் வருமானம் 2023-24இல் 11,858 ரூபாய்க்கு இறங்கியது. சுயதொழில் செய்யும் ஆணின் வருமானம் 9,454 ரூபாயிலிருந்து 8,591 ஆனது. இவை மத்திய அரசே தன் பொருளாதார ஆய்வறிக்கையில் அச்சிட்ட எண்கள். ஆண்களின் வருமானத்தில் ஏறியது தினக்கூலி மட்டும்: அதே ஆறு ஆண்டுகளில் 203 ரூபாயிலிருந்து 242 ரூபாய்க்கு. 39 ரூபாய். கூலிக்காரன் வாயைத் திறந்தால் ஆயிரம் கேட்கிறான் என்ற புலம்பலுக்குப் பின்னால் இருக்கும் முழு ஏற்றமும் இவ்வளவுதான். இதற்கு முந்தைய காலத்தையும் சேர்த்துப் பார்த்தவர் பொருளாதார அறிஞர் ழான் திரேஸ். 2014-15 முதல் 2021-22 வரை கிராமப்புறக் கூலி விவரங்களை எடுத்துக்கொண்டு அவர் போட்ட கணக்கின்படி, வேளாண் கூலியின் உண்மையான வளர்ச்சி ஆண்டுக்கு ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு. கட்டுமானக் கூலி அந்த அளவுகூட வளரவில்லை. நூறு நாள் வேலை இருந்த காலம் இது. இலவச அரிசி இருந்த காலம், மோடியும் மாநில அரசுகளும் வங்கிக் கணக்கில் பணம் போட்ட காலம். ஆட்கள் எல்லோரும் வேலையைவிட்டு விலகி வீட்டில் உட்கார்ந்துவிட்டால், மிஞ்சியவர்களின் கூலி இப்படியா படுத்துக் கிடக்கும்?

நூறு நாள் வேலைதான் இந்த வாதத்தின் முதல் குற்றவாளி என்பதால் அதைச் சற்று நின்று பார்க்கவேண்டும். 2005இல் வந்த அந்தச் சட்டத்தின் கீழ் தமிழ்நாட்டுக்கு 2025-26இல் நிர்ணயித்த நாட்கூலி 336 ரூபாய். மூன்றாண்டு முன்னால், 2022-23இலேயே, தமிழ்நாட்டில் ஆண் வேளாண் தொழிலாளியின் சராசரிக் கூலி 470 ரூபாய், கட்டுமானத் தொழிலாளிக்கு 500 ரூபாய் என்று ரிசர்வ் வங்கியின் கையேடு சொல்கிறது. 500 ரூபாய் வேலை கையில் இருக்க, 336 ரூபாய்க்கு மண்வெட்டி தூக்கப் போகிறவன் சோம்பேறி இல்லை, கணக்குத் தெரியாதவன். தவிர, நூறு நாள் என்பது பெயரில்தான். ஒரு குடும்பத்துக்கு நாடெங்கும் சராசரியாகக் கிடைத்தது ஆண்டுக்குச் சுமார் 50 நாள். 50 நாளையும் 336ஆல் பெருக்கினால் 16,800 ரூபாய், மாதத்துக்கு 1,400. ஒரு குடும்பம் உழைப்பை மறந்து உட்கார்ந்து சாப்பிடும் வருமானம் இதுவாம்.

ஆனால் இந்தக் குற்றச்சாட்டில் ஒரு துளி உண்மை இருக்கிறது, அதை மறைக்கக்கூடாது. தமிழ்நாட்டில் இந்த வேலைக்குப் போனவர்களில் 85 விழுக்காட்டுக்கு மேல் பெண்கள். நாற்று நடவும் களையெடுப்பும் பெண்கள் வேலை. அந்த வேலைகளுக்கான கூலி ஆண் கூலியைவிடக் காலங்காலமாக மிகக் கீழே இருந்தது. அரசு வேலையில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி. அது வந்தபிறகு, இந்தத் தொகைக்குக் குறைவாகக் கூப்பிட்டால் வரமாட்டேன் என்று சொல்லும் தைரியம் முதல்முறையாக ஒரு கிராமத்துப் பெண்ணுக்கு வந்தது. ஆம், நூறு நாள் வேலை நடவுக்கூலியை ஏற்றியது. அதற்காகப் பாராட்டப்படவேண்டிய திட்டம், அதற்காகவே வசை வாங்குகிறது. இந்த வசையின் வேர் மிகப் பழையது. அதிகாலையில் ஆள் அனுப்பினால் குடும்பத்தோடு வந்து நிற்கவேண்டிய பண்ணையாள் என்ற ஏற்பாடு தஞ்சை மண்ணில் சட்டம் போட்டுத் திருத்தவேண்டிய அளவுக்கு இருந்தது. 1952இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது அதனால்தான். கூடுதல் நெல் கூலி கேட்ட போராட்டமும், உள்ளூர் ஆட்களை மடக்க வெளியூர் ஆட்களை இறக்கிய தந்திரமும் முற்றி, 1968 டிசம்பர் 25 இரவில் கீழ்வெண்மணியில் 44 பேர் எரிந்து செத்தார்கள். அடுத்த ஆண்டு நியாயக் கூலிச் சட்டம் வந்தது. இன்று ஆள் கிடைக்கவில்லை என்று அலுத்துக்கொள்பவர்கள் எல்லோரும் அன்றைய மிராசுதார்களின் வாரிசுகள் என்று நான் சொல்லவரவில்லை. கூப்பிட்டால் வருவதற்கு ஆள் காத்திருப்பதுதான் இயல்பு, கூலி பேசுவது திமிர் என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது என்பதை மட்டும் சொல்கிறேன்.

மாதம் ஆயிரம் ரூபாய் உரிமைத் தொகை பற்றி அதிகம் பேச அவசியமில்லை. அது கட்டுமான வேலையில் இரண்டு நாள் கூலி. இரண்டு நாள் கூலி கிடைத்ததற்காக மீதி இருபது நாள் வேலையைக் கைவிடும் குடும்பம் எங்கும் கிடையாது. பெண்களுக்கான கட்டணமில்லாப் பேருந்தோ நேர்மாறாக வேலைசெய்கிறது: பஸ் காசுக்கே கூலியில் பங்கு போகிறது என்று பக்கத்து ஊர் வேலையைத் தவிர்த்த பெண்ணை அது வேலைக்குக் கொண்டுவருகிறது. இலவச அரிசிக்கு எதிரான வாதம் இன்னும் வேடிக்கையானது. நாடு முழுவதும் சுமார் 80 கோடிப் பேருக்கு ஆளுக்கு 5 கிலோ தானியம் மாதந்தோறும் விலையில்லாமல் போகிறது. பீகாருக்கும் போகிறது, உத்தரப் பிரதேசத்துக்கும் ஒடிசாவுக்கும் போகிறது. அரிசி கிடைத்தால் மனிதன் வேலைக்கு வரமாட்டான் என்றால், சென்னை சென்ட்ரலுக்கும் திருப்பூருக்கும் நிரம்பி வழிந்து வரும் ரயில்கள் காலியாக அல்லவா வரவேண்டும்?

இந்த இடத்தில்தான் எதிர்வாதம் செய்பவர் தன் பெரிய ஆயுதத்தை எடுப்பார். அப்படி வருகிறவன் இங்கே வந்து உழைக்கும்போது, இந்த ஊர்க்காரன் ஏன் அதே வேலைக்கு வரவில்லை? தமிழன் உடம்பு வளையமாட்டேன் என்கிறது என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா? சாட்சி நேர் எதிர்ப்பக்கம் நிற்கிறது. ரிசர்வ் வங்கியின் அதே 2022-23 கணக்கில் மத்தியப் பிரதேசத்தில் கட்டுமானக் கூலி 279 ரூபாய்; தமிழ்நாட்டில் 500; கேரளாவில் 852. மனிதர்கள் 279ஐ விட்டு 500க்கு வருகிறார்கள், 500ஐ விட்டு 852க்குப் போகிறார்கள். மலையாளிகள் வளைகுடாவுக்குக் கிளம்பிய காலத்திலிருந்து, தமிழ்நாட்டுக் கொத்தனாரும் சித்தாளும் பாலக்காட்டுக் கணவாயையும் செங்கோட்டையையும் தாண்டிப் போய்க் கேரளத்து வீடுகளைக் கட்டித் தந்தார்கள். அப்போது அங்கேயும், மலையாளி சோம்பேறி, தமிழன்தான் உழைப்பாளி என்று இதே பேச்சுத்தான் நடந்தது. எல்லை தாண்டினால் தமிழனும் சுறுசுறுப்பாகிவிடுகிறான். காரணம் மண்ணிலோ ரத்தத்திலோ இல்லை, கூலியில் இருக்கிறது. இன்னொன்றும் உண்டு. தகரக் கொட்டகையில் பத்துப் பேரோடு படுத்து எழும் பீகார் இளைஞனுக்கு இங்கே தங்கச்சி கல்யாணம் இல்லை, சாவு வீடு இல்லை, ஊர்த் திருவிழா இல்லை. பன்னிரண்டு மணி நேர ஷிப்டுக்குப் பிறகும் நிறுத்திவைக்கலாம். சங்கம் சேரமாட்டான், தாலுகா ஆபீசில் புகார் எழுதத் தெரியாது. லேபர் சப்ளை ஏஜென்ட் பிடித்துக்கொண்டது போக மீதியை வாங்கிக்கொள்வான். முதலாளிக்குப் பிடித்தது அவனுடைய உழைப்பு மட்டும்தானா, அவனுடைய கதியற்ற நிலையுமா? தமிழக அரசு 2015இல் எடுத்த கணக்கில் 10.67 லட்சமாக இருந்த இவர்கள் இன்று எவ்வளவோ பெருகிவிட்டார்கள். இவர்கள் உள்ளூர்க்காரரின் வேலையைத் திருடவில்லை, உள்ளூர்க்காரரைவிட உத்தமர்களும் இல்லை. இவர்களும் கூலி தேடி வந்தவர்கள், அவ்வளவுதான்.

சிறு விவசாயியின் வாதம் வேறு வகை. அதற்கு மரியாதையான பதில் வேண்டும். நான் முதலாளி இல்லை, இரண்டு ஏக்கர் வைத்திருக்கிறேன், நடவுக்கு ஆளுக்கு இவ்வளவு கொடுத்தால் எனக்கு என்ன மிஞ்சும் என்று அவர் கேட்கிறார். உண்மை, மிஞ்சாது. ஆனால் அவருடைய கையைக் கட்டிப்போட்டிருப்பது கூலிக்காரியின் கூலியா, நெல்லின் விலையா? மாநில ஊக்கத்தொகையும் சேர்த்துச் சாதாரண ரக நெல் ஒரு குவிண்டாலுக்குத் தமிழ்நாட்டில் 2025-26இல் கிடைத்தது 2,500 ரூபாய். எம்.எஸ். சுவாமிநாதன் குழு சொன்னபடி முழுச் செலவோடு அதில் பாதியையும் சேர்த்து விலை தர எந்த அரசும் துணியவில்லை. உரம், டீசல், அறுவடை எந்திர வாடகை எதிலும் பேரம் பேச அவருக்கு வழியில்லை. பேரம் பேசக்கூடிய ஒரே ஆள் தன்னைவிட எளியவர் என்பதால் பழி அங்கே போய் விழுகிறது. 2018-19இல் எடுத்த தேசிய மாதிரி ஆய்வு இதில் ஒரு முக்கியமான செய்தியைச் சொன்னது. இந்தியாவில் ஒரு வேளாண் குடும்பத்தின் சராசரி மாத வருமானம் 10,218 ரூபாய். அதில் பயிரிலிருந்து வந்தது 3,798. கூலியிலிருந்து வந்தது 4,063. அதாவது விவசாயி என்று நாம் சொல்லும் குடும்பமே பயிரைவிடக் கூலியில்தான் அதிகம் சம்பாதிக்கிறது. கூலி ஏறக்கூடாது என்று சபிக்கும் சிறு விவசாயி தன் மகனின் சம்பளத்தையும் சேர்த்துத்தான் சபிக்கிறார்.

ஆலைகளுக்கு இந்தச் சலுகையைத் தரமுடியாது. கொடுக்க அவர்களிடம் இருக்கிறது. 2023-24இல் பெரிய நிறுவனங்களின் லாபம் 22 விழுக்காடு கூடியது, அவை வேலைக்கு வைத்திருந்த ஆட்களோ 1.5 விழுக்காடுதான் கூடினார்கள் என்று அதே பொருளாதார ஆய்வறிக்கை குறைப்பட்டுக்கொண்டது. நாட்டில் பதிவான தொழிற்சாலைகளின் தொழிலாளர்களில் ஏறக்குறைய 42 விழுக்காட்டினர் கான்ட்ராக்ட் ஆட்கள். அதிகத் தொழிற்சாலைகள் கொண்ட மாநிலம் தமிழ்நாடு. இங்கே சம்பளம் எந்த நிலையில் இருக்கிறது என்பதை 2024 செப்டம்பரில் தொடங்கி சுங்குவார்சத்திரத்து சாம்சங் ஆலையில் 37 நாள் நடந்த வேலைநிறுத்தம் வெளியே கொண்டுவந்தது. அங்கே சராசரிச் சம்பளம் மாதம் 25,000 ரூபாய் என்று தொழிற்சங்கம் சொன்னது. அந்த வட்டாரத்தில் இதே மாதிரி வேலைக்கு மற்ற நிறுவனங்கள் தருவதைப்போல 1.8 மடங்கு நாங்கள் தருகிறோம் என்று நிறுவனம் பதில் சொன்னது. இரண்டு பேர் சொன்னதையும் சேர்த்து வகுத்துப் பாருங்கள்: ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில், உலகத்துக்கே போனும் காரும் செய்து அனுப்பும் இடத்தில், மற்ற ஆலைகளின் சராசரி 14,000 ரூபாய்க்குள் நிற்கிறது. இதில் வாடகை, சாப்பாடு போக ஊருக்கு அனுப்ப என்ன இருக்கும்? இரண்டு வருடத்தில் டிரெய்னிப் பையன்கள் வேலையைவிட்டு ஓடிவிடுகிறார்கள் என்று மனிதவள அதிகாரிகள் கவலைப்படுவதற்கு மனோதத்துவ விளக்கம் எதுவும் வேண்டாம். தொழிலாளர்கள் ஊரைவிட்டு வரமாட்டேன் என்கிறார்கள் என்று வருந்திய எல் அண்ட் டி தலைவர் 2023-24இல் பெற்றது 51 கோடி ரூபாய். அவருடைய நிறுவன ஊழியர்களின் இடைநிலை ஊதியத்தைப்போல 534 மடங்கு. அவர் ஊர்விட்டு ஊர் போகத் தயங்கியிருக்கமாட்டார்.

படித்த பிள்ளைகள் கையில் அழுக்குப்படும் வேலைக்கு வருவதில்லை என்ற குறையும் உண்டு. ஏறக்குறைய பாதிப் பேர் கல்லூரிக்குப் போகும் மாநிலம் இது. மேல்படிப்பில் சேர்வோர் 47 விழுக்காடு. பதினைந்து வருடம் கடன்பட்டுப் படிக்கவைத்த குடும்பம், பிள்ளை மூட்டை தூக்கவேண்டாம் என்று நினைப்பதில் என்ன தப்பு? பெரிய ஐ.டி. கம்பெனிகளே புதிதாகச் சேர்ப்பவர்களுக்கு ஆண்டுக்கு மூன்று, மூன்றரை லட்சம் என்ற தொகையைப் பத்தாண்டுக்கு மேலாக அப்படியே வைத்திருக்கின்றன. இதற்கிடையில் வீட்டு வாடகை எத்தனை மடங்கு ஆனது என்பது எல்லோருக்கும் தெரியும். உழைக்க மனமில்லாத தலைமுறை என்பவர்கள், 2024 குரூப் 4 தேர்வில் 6,244 இடங்களுக்கு 20 லட்சத்துக்கு மேற்பட்டோர் விண்ணப்பித்ததை எப்படி விளக்குவார்கள்? அது இளநிலை உதவியாளர் வேலை. கிராம நிர்வாக அலுவலர் வேலை. அடிப்படைச் சம்பளம் 19,500இல் தொடங்கும், அகவிலைப்படி உண்டு, வேலை நிலைக்கும். இப்படிக் கொடுத்தால் ஒரு இடத்துக்கு முந்நூறு பேர் வருகிறார்கள். ஆள் கிடைக்காமல் போகவில்லை. மாதச் சம்பளக்காரர்களிலேயே பாதிக்கு மேற்பட்டோருக்கு எழுத்தில் ஒப்பந்தம் கிடையாது, பாதிக்கு மேற்பட்டோருக்கு பிஎஃப் மாதிரியான பாதுகாப்பு எதுவும் கிடையாது. அந்த மாதிரி இடங்களுக்குத்தான் ஆள் கிடைப்பதில்லை.

மிஞ்சி நிற்கும் வாதம் குடி. டாஸ்மாக் மூலம் அரசு 2024-25இல் ஈட்டியது 48,000 கோடிக்கு மேல். அது பல தொழிலாளர்களின் உடம்பையும் குடும்பத்தையும் அழிக்கிறது, இதில் மாற்றுக்கருத்தில்லை. ஆனால் அந்தப் பணத்தை அவர்கள் உழைத்துத்தான் கொண்டுவந்து கொட்டுகிறார்கள். குடியை ஒழிக்கவேண்டும் என்றால் ஒழிக்கலாம். கூலியைக் குறைப்பதற்கு அதைச் சாக்காக்கக்கூடாது.

இவ்வளவு பலவீனமான ஒரு கருத்து இன்று சட்டமாகிவிட்டது. 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நூறு நாள் வேலைச் சட்டத்தை நீக்கிப் புதிய சட்டம் ஒன்றை நிறைவேற்றியது. காகிதத்தில் நாட்கள் 125 ஆகக் கூடியிருக்கின்றன. கூடவே, விதைப்பும் அறுவடையும் மும்முரமாக நடக்கும் காலத்தில் ஆண்டுக்கு 60 நாள் வரை அரசு வேலையை நிறுத்திவைக்கலாம் என்ற ஏற்பாடும் சேர்ந்திருக்கிறது. விவசாயத்துக்கு ஆள் கிடைக்கவேண்டும் என்பது சொல்லப்பட்ட காரணம். வேலைக்கு ஆள் அதிகம் தேவைப்படும் நாட்களில்தான் கூலிக்காரர் நல்ல விலை பேசமுடியும்; சரியாக அந்த நாட்களில் அவருடைய மாற்று வழியை அரசே மூடிவைக்கிறது. வேறு எந்தச் சரக்கின் உரிமையாளருக்கும் விலை ஏறும் பருவத்தில் கடையை மூடு என்று நாடாளுமன்றம் சொன்னதில்லை.

ஆள் பற்றாக்குறை என்று உண்மையாகவே நம்புகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பஸ் ஸ்டாண்டுச் சுவர்களிலும் கம்பெனி வாசல்களிலும் "ஆட்கள் தேவை, தகுதிக்கேற்ற சம்பளம்" என்று ஒட்டுகிறீர்கள். அந்தத் தகுதிக்கேற்ற சம்பளம் எவ்வளவு, எத்தனை மணி நேர வேலைக்கு, பிஎஃப் உண்டா, ஈஎஸ்ஐ உண்டா என்பதையும் அதே நோட்டீசில் எண்ணில் அச்சிடுங்கள். 2019இல் அனூப் சத்பதி குழு, ஒரு தொழிலாளி குடும்பத்துக்கு உயிர்வாழ அடிப்படையாக நாளொன்றுக்கு 375 ரூபாய் வேண்டும் என்று அன்றைய விலையில் கணக்குப் போட்டது. மத்திய அரசு அதை ஏற்காமல், 178 ரூபாயைத் தேசியக் கீழ்மட்டக் கூலியாக வைத்துக்கொண்டது. அந்த 375ஐ இன்றைய விலைவாசிக்கு ஏற்றி, அதற்கு மேல் ஒரு தொகையை எழுதி ஒட்டிப் பாருங்கள். அதற்குப் பிறகும் ஒருவரும் வரவில்லை என்றால், தமிழ்நாட்டுத் தொழிலாளியைச் சோம்பேறி என்று தாராளமாகச் சொல்லிக்கொள்ளுங்கள்.